மாத்திரைக்கு அடங்காத கை நடுக்கம்: கத்தி வைக்காத ஓர் ஆபரேஷன்

இலஞ்சி, குற்றாலம், தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு நடுக்கம் ஒன்றும் புதிதல்ல. ஆனி, ஆடிச் சாரலில் அருவிக்குத் தலையைக் கொடுத்துவிட்டு வந்தால் பல்லெல்லாம் தந்தியடிக்கும். ஈரத்துணியை மாற்றிக்கொண்டு சுடச்சுட ஒரு சுக்குக் காப்பி குடித்தால் நின்றுவிடும். ஆனால் சித்திரை வெயிலிலும் நிற்காத நடுக்கம் ஒன்று இருக்கிறது. அது போர்வைக்கும் அடங்காது, சுக்குக் காப்பிக்கும் அடங்காது. மடியில் சும்மா வைத்திருக்கும் கை தானாக ஆடும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போல ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும்.

"என்ன மதினி, கை இப்படி ஆடுது?"

"வயசாச்சுல்லா, வேற என்ன!"

இலஞ்சியில் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய பேச்சுத்தான் இது. வயசு என்ற ஒரு வார்த்தையில் விஷயம் முடிந்துபோகிறது. அதன் பிறகு அந்த அம்மாள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரமாட்டாள். விருந்தாளிக்குக் காப்பி கொண்டு போகும் வேலையை மருமகளிடம் தள்ளிவிடுவாள். வியாதி கொஞ்சம், வெட்கம் ஜாஸ்தி!

அந்த வெட்கத்துக்கு அவசியமே இல்லை. பெரும்பாலோருக்கு மாத்திரை இருக்கிறது. மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கும், மண்டையைத் திறக்காமல் செய்யும் ஒரு சிகிச்சை இருக்கிறது. அதன் பெயர் ரேடியோ சர்ஜரி. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்கிறோம். ஏனென்றால், இது ஒரு தடவை செய்தால் திருப்பி எடுக்க முடியாத காரியம்.

எந்த நடுக்கம் எது?

எல்லாக் கை நடுக்கமும் பார்க்கின்சன் வியாதி அல்ல. இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கை சும்மா இருக்கும்போது நடுங்கி, டம்ளரை எடுக்கப் போனால் நடுக்கம் குறைகிறதா? ஒரு பக்கத்துக் கையில் மட்டும் ஆரம்பித்ததா? கூடவே நடை சிறுத்து, கையெழுத்தும் சிறுத்து, முகத்தில் சிரிப்புக் குறைந்து, எழுந்திருப்பதும் திரும்புவதும் மெதுவாகிவிட்டதா? அப்படியானால் பார்க்கின்சனாக இருக்கலாம். இந்த நடுக்கம் வினாடிக்கு நாலைந்து தடவை வரும். கவலைப்பட்டால் கூடும், தூக்கத்தில் நின்றுவிடும்.

இதற்கு நேர்மாறாக, சும்மா இருக்கும்போது கை அடங்கியிருந்து, டம்ளரை வாய்க்குக் கொண்டு போகும்போது நடுங்கினால் அது பெரும்பாலும் வேறு வகை. இரண்டு கையும் நடுங்கும், சிலருக்குத் தலையும் ஆடும், அப்பா அம்மா யாருக்காவது இருந்திருக்கும். அதற்கு மருந்தே வேறு.

டாக்டர்கள் ஒரு காகிதத்தைக் கொடுத்துச் சுருள் வட்டம் போடச் சொல்வார்கள். கோடு எப்படி நெளிகிறது என்று பார்த்தே பாதி தெரிந்துகொள்வார்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு வாசல் கோலமே அந்தச் சோதனைதான். புள்ளியைச் சுற்றி இழையும் கோடு திடீரென்று நெளிய ஆரம்பித்தால், கண் மங்கிவிட்டது என்று ஒதுக்கிவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தைராய்டு கூடினாலும் கை நடுங்கும். தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் மாதக்கணக்காக மாத்திரை விழுங்குகிறவர்களுக்கு, அந்த மாத்திரையே பார்க்கின்சன் மாதிரி நடுக்கத்தைக் கொண்டு வருவதுண்டு. சின்னாரிஸின், ஃப்ளூனரிஸின், மெட்டோகுளோப்ரமைடு ஆகியவை அந்த வகை. ஆகவே டாக்டரிடம் போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

சென்னையில் பிரித்தெடுத்த மருந்து

1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் டாக்டர் இந்த வியாதியைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயரே வியாதிக்கு நிலைத்துவிட்டது. நம் நாட்டு வைத்தியத்தில் இதற்கு ஒப்பாகச் சொல்லப்படுவது கம்பவாதம், நடுக்குவாதம்.

மூளையின் அடிப்பாகத்தில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் சிறிது சிறிதாகக் குறைந்து போவதுதான் காரணம் என்று 1960-ல் வியன்னாவில் கண்டுபிடித்தார்கள். குறைந்துபோனதை ஈடுகட்டக் கொடுக்கும் மருந்து லெவோடோபா. இன்றைக்கும் இந்த வியாதிக்கு இதுதான் முதன்மையான மருந்து.

இதில் நாம் பெருமைப்பட ஒரு செய்தி உண்டு. வேலியோரத்தில் படர்ந்து, காயைத் தொட்டால் அரிக்குமே பூனைக்காலி, அதன் விதையிலிருந்து இந்த லெவோடோபாவைப் பிரித்தெடுத்து, 1937-ல் தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆராய்ச்சி நடந்த இடம் சென்னைப் பல்கலைக்கழகம்!

அதற்காகப் பூனைக்காலிப் பொடியை வாங்கி நீங்களாகவே கலக்கிக் குடிக்க வேண்டாம். ஒரு ஸ்பூனில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு சேர்ந்து அளவு மீறினால் வாந்தி, மயக்கம், மனக்குழப்பம் எல்லாம் வரும்.

"மாத்திரை கேட்கவில்லை" என்று சொல்லுமுன்...

லெவோடோபா கை கால் இறுக்கத்துக்கும் மந்தத்துக்கும் நன்றாகக் கேட்கும். நடுக்கத்துக்கு மட்டும் சிலருக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. இது மருந்தின் குற்றமும் அல்ல, நோயாளியின் குற்றமும் அல்ல. வியாதியின் சுபாவம் அப்படி.

ஆனால் "கேட்கவில்லை" என்று முடிவு கட்டுமுன் நம் அடுக்களையையும் ஒரு தடவை சோதித்துவிட வேண்டும். மாத்திரையைக் காலையில் பாலோடு விழுங்குகிறார்களா? அல்லது பருப்பும் முட்டையும் சாப்பிட்ட கையோடு போட்டுக்கொள்கிறார்களா? புரதச் சத்தும் லெவோடோபாவும் குடலிலிருந்து ரத்தத்துக்குள் ஏறவும், அங்கிருந்து மூளைக்குள் நுழையவும் ஒரே வாசலில் நெரிசல்பட வேண்டியிருக்கிறது. புரதம் முந்திக்கொண்டால் மாத்திரை வெளியே நிற்கும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி, முக்கால் மணி முன்னதாக வெறும் தண்ணீரில் போட்டுக்கொள்வது நல்லது. வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும்.

நேரம் தவறுவது, விலை ஜாஸ்தி என்று பாதி பாதியாக உடைத்துப் போடுவது, நாலு நாள் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவது என்று இன்னும் பல காரணங்கள் உண்டு. இவற்றைச் சரி செய்தாலே சிலருடைய நடுக்கம் பாதியாகிவிடும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. அது ஆபத்து.

சரியான அளவில், சரியான நேரத்தில், போதுமான மாதங்கள் சாப்பிட்டுப் பார்த்து, வேறு மருந்துகளும் சேர்த்துப் பார்த்து, அப்படியும் கை அடங்கவில்லை என்றால்தான் அதை 'மருந்துக்கு அடங்காத நடுக்கம்' என்று நரம்பியல் டாக்டர் சொல்வார். ரேடியோ சர்ஜரியின் பேச்சு அதற்குப் பிறகுதான்.

ஊசியிலிருந்து கதிருக்கு

மூளையின் நடுவே தாலமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. கை காலுக்குப் போகும் பல செய்திகள் அந்தச் சந்திப்பு வழியாகத்தான் போகின்றன. அதில் ஓர் இடத்தில் நரம்புச் செல்கள் தாளம் தவறாமல் துடிப்பதுதான் கையில் நடுக்கமாகத் தெரிகிறது. உளுந்து அளவுள்ள அந்த இடத்தைச் செயலிழக்கச் செய்தால் நடுக்கம் அடங்கும். வலது கை நடுங்கினால் இடது தாலமஸில் செய்ய வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். தலையில் ஒரு சட்டம் பொருத்தி, அளவெடுத்து, மண்டையோட்டில் சிறு துளை வழியாக ஊசி போன்ற கருவியைச் செலுத்தும் ஸ்டீரியோடாக்டிக் ஆபரேஷன்களில் அவருடைய குழு பெயர் பெற்றது. அந்தக் குழுவில் டாக்டர் வி. பாலசுப்பிரமணியத்தோடு ஒரு பெண்ணும் இருந்தார். அவர்தான் டாக்டர் டி.எஸ். கனகா. ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை நிபுணர்களில் ஒருவர் என்று உலகமே கொண்டாடிய அவர் 2018-ல் காலமானார். பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்ட காலத்தில், மயிரிழை பிசகக் கூடாத இந்த அறுவையைச் செய்து காட்டியவர் அவர்.

லெவோடோபா வந்த பிறகு உலகமெங்கும் இந்த ஆபரேஷன்கள் குறைந்தன. மாத்திரையால் எல்லாம் தீராது என்று தெரிந்ததும் மறுபடி வந்தன.

இதற்கிடையில் ஸ்வீடன் நாட்டில் லார்ஸ் லெக்செல் என்ற நரம்பு அறுவை நிபுணர், ஊசிக்குப் பதில் கதிரையே அனுப்பினால் என்ன என்று 1951-லேயே யோசித்தார். 1960களின் கடைசியில் அவருடைய காமா நைஃப் இயந்திரம் ஸ்டாக்ஹோமில் வேலை செய்யத் தொடங்கியது. பெயரில்தான் கத்தி, இயந்திரத்தில் கத்தி கிடையாது!

தென்காசியில் தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் வடத்தைப் பிடித்து இழுத்தால் தேர் அசையாது. நூறு பேர் சேர்ந்து இழுத்தால் நகரும். காமா நைஃபும் அப்படித்தான். இப்போதைய இயந்திரத்தில் 192 கோபால்ட் கதிர்கள் (பழைய மாதிரியில் 201) வெவ்வேறு திசையிலிருந்து வரும். தனித்தனியாக ஒவ்வொன்றும் பலவீனமானது, வழியிலுள்ள மூளைக்குப் பெரிய கெடுதல் செய்யாது. எல்லாம் சந்திக்கும் அந்த ஒரு புள்ளியில் மட்டும் அதன் வலிமை தெரியும். புற்றுநோய்க்கு வழக்கமாகத் தினம் 2 கிரே அளவில் பல வாரம் கதிர் கொடுப்பார்கள். நடுக்கத்துக்கு ஒரே தடவையில், 4 மில்லிமீட்டர் இடத்தில், சுமார் 130 கிரே! புள்ளி பிசகக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை முன்னேற்பாடும்.

அன்றைக்கு என்ன நடக்கும்?

காலையில் நெற்றியிலும் பின்தலையிலும் மரத்துப்போக ஊசி போட்டு, நாலு திருகாணிகளால் ஒரு சட்டத்தைப் பொருத்துவார்கள். தலைமுடியை மழிக்க வேண்டியதில்லை. சட்டத்தோடு எம்.ஆர்.ஐ. படம் எடுப்பார்கள். அறுவை நிபுணர், கதிர்வீச்சு டாக்டர், இயற்பியலாளர் மூவரும் உட்கார்ந்து புள்ளியைக் குறிப்பார்கள். பிறகு இயந்திரத்தில் படுக்க வேண்டும். கதிர் பாய்வது ஒரு மணி நேரம் முன்பின் ஆகலாம். வலி தெரியாது, மயக்க மருந்து கிடையாது, பேசலாம். சாயங்காலமோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் வீட்டுக்கு வரும்போது கை அப்படியேதான் ஆடிக்கொண்டிருக்கும்! பலர் மனம் உடைந்து போவது இங்கேதான். கதிர் உடனே வேலை செய்யாது. அந்தப் புள்ளி மெல்ல மெல்லச் செயலிழக்க வாரங்கள், மாதங்கள் ஆகும்.

பலன் எவ்வளவு?

பிரான்ஸில் மார்செய் நகரில் 50 பேருக்குச் செய்து, நோயாளியைப் பற்றி எதுவும் தெரியாத டாக்டர்களைக் கொண்டு மதிப்பிட்டு, 2015-ல் வெளியிட்டார்கள். ஒரு வருஷத்தில் கை நடுக்கத்தின் அளவு சராசரியாகப் பாதிக்கு மேல் (54 சதவீதம்) குறைந்திருந்தது. பலன் தெரிய ஐந்து மாதத்துக்குச் சற்று மேல் ஆனது. சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு ஒரு வருஷம். ஒருவருக்கு ஒரு பக்கம் பலவீனம் வந்து பிறகு சரியாயிற்று. இந்த 50 பேரில் பார்க்கின்சன் நோயாளிகள் 14 பேர்தான், மற்றவர்கள் வேறு வகை நடுக்கக்காரர்கள்.

ஜப்பானில் ஆறு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 2012-ல் வெளியிட்ட கணக்கில் பார்க்கின்சன்காரர்களே அதிகம். இரண்டு வருஷம் தொடர்ந்து பார்க்க முடிந்த 53 பேரில் 43 பேருக்கு நல்ல பலன். அதாவது ஐந்தில் நாலு பேர். ஐந்தாவது ஆள் நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

சிலருக்குப் புள்ளியைச் சுற்றி வீக்கம் பரவி, கை கால் பலவீனம், முகத்தில் மரத்தல், பேச்சுக் குழறல் வருவதுண்டு. அது பல மாதம் கழித்தும் வரலாம். எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் வந்தவருக்கு அது முழுசு. வேறு சிகிச்சைகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பெரிய ஆராய்ச்சிகளும் குறைவு.

இன்னொன்று. இது நடுக்கத்துக்கு மட்டும்தான் சிகிச்சை, வியாதிக்கு அல்ல. நடை மந்தம், கால் தரையில் ஒட்டிக்கொள்வது, விழுவது, மறதி இவற்றுக்கெல்லாம் இதனால் பிரயோஜனமில்லை. வியாதி வளர்வதையும் நிறுத்தாது. மாத்திரை தொடரும்.

வேறு வழி உண்டா?

உண்டு. மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, மார்பில் புதைத்த பேட்டரியால் தூண்டும் முறை ஒன்று. மின்சாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாமென்றால் நிறுத்தலாம், இரண்டு பக்கமும் செய்யலாம். நடுக்கத்தோடு இறுக்கத்துக்கும் மந்தத்துக்கும் உதவும். வயதும் உடல்நிலையும் இடம் கொடுத்தால் டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் யோசிப்பது இதைத்தான். ஆனால் மண்டையில் துளை போட வேண்டும், செலவும் பல லட்சம்.

எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்து ஒலியலைகளைக் குவித்துச் சூடேற்றும் முறை இன்னொன்று. இதுவும் நம் நாட்டுக்கு வந்துவிட்டது. முதலில் லேசாகச் சூடாக்கி, நடுக்கம் குறைகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம். பலனும் உடனே தெரியும். ரேடியோ சர்ஜரியில் அப்படிச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

அப்படியானால் ரேடியோ சர்ஜரி யாருக்கு? மிகவும் வயதானவர்கள், இருதயக் கோளாறுக்காக ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், மண்டையைத் திறந்தால் தாங்கமாட்டார்கள் என்று டாக்டர் தயங்குகிறவர்கள், அத்துடன் ஒரு பக்கத்துக் கை நடுக்கமே பெரும் தொல்லையாக இருப்பவர்கள். அவர்களுக்குத்தான் இது வரப்பிரசாதம். சாதாரணமாக ஒரு பக்கத்துக்கு மட்டுமே செய்வார்கள். இரண்டு பக்கமும் செய்தால் பேச்சும் நிதானமும் கெடும் அபாயம் கூடும்.

இலஞ்சியிலிருந்து எங்கே போவது?

முதல் படி, பெரிய ஊர் இயந்திரம் அல்ல. ஒரு நல்ல நரம்பியல் டாக்டர். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டினால் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. பார்க்கின்சன் போன்ற அசைவுக் கோளாறுகளைக் கவனிப்பதில் அது பெயர் பெற்றது. தென்காசிக்காரர்களுக்குச் சென்னையைவிட அதுவே கிட்டம்.

காமா நைஃப் இயந்திரம் டெல்லி எய்ம்ஸில் 1997-லிருந்து உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸிலும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யிலும் ரேடியோ சர்ஜரி செய்கிறார்கள். ஆனால் இயந்திரம் இருக்கிறது என்பதற்காக டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் மூளைக் கட்டிகளுக்கும் ரத்தக்குழாய்க் கோளாறுகளுக்கும்தான் பயன்படுகின்றன. நடுக்கத்துக்குச் செய்கிறார்களா என்று முன்கூட்டியே எழுதியோ போன் செய்தோ கேட்டுக்கொள்ளுங்கள்.

சில சந்தேகங்கள்

*கதிர் கொடுத்த பாட்டி பேரப்பிள்ளையைத் தூக்கலாமா?*
தாராளமாக! கதிர் உடம்பில் தங்காது. அவர் தொட்ட பாத்திரத்தையோ துணியையோ ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

*தலைமுடி கொட்டுமா?*
நடுக்கத்துக்குக் கொடுக்கும் கதிர் ஆழத்திலுள்ள ஒரு புள்ளியில்தான் குவிகிறது. முடி கொட்டும் என்று பயப்பட வேண்டாம். திருகாணி வைத்த இடத்தில் சில நாள் வலி, வீக்கம் இருக்கலாம்.

*குணமானதும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?*
கூடாது. அளவை மாற்றுவது டாக்டரின் வேலை.

*காத்திருக்கும் மாதங்களில் என்ன செய்வது?*
அகலமான அடிப்பாகமுள்ள டம்ளரில் முக்கால் பங்கு மட்டும் ஊற்றிக் கொடுங்கள். ஸ்பூன் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். முன் பக்கம் ஊக்கு வைத்த ரவிக்கைக்குப் பதில் ஒட்டும் பட்டை தைத்துக் கொடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். அவசரப்படுத்தினால் நடுக்கம் கூடும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்:

1. இது பார்க்கின்சன் நடுக்கம்தான் என்பது நிச்சயமா?
2. மாத்திரையை முழு அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா?
3. பேட்டரி முறை, ஒலியலை முறை, கதிர் முறை, இந்த மூன்றில் எங்கள் அம்மாவுக்கு எது, ஏன்?
4. நடுக்கத்துக்காக இங்கே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேருக்குப் பின்விளைவு வந்தது?
5. பலன் தெரியாவிட்டால் அடுத்து என்ன?
6. பிறகு எடுக்கும் எம்.ஆர்.ஐ. படங்களையும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டா?

இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற டாக்டரிடம் தைரியமாகத் தலையைக் கொடுக்கலாம். "நூற்றுக்கு நூறு குணம், கையோடு சரியாகிவிடும்" என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

முடிவெடுக்கும்போது இன்னொருவரையும் கேட்க வேண்டும். பிள்ளைகள் கூடிப் பேசுவார்கள், மருமகன் விலை விசாரிப்பார், எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கை நடுங்குகிறவரை யாரும் கேட்பதில்லை. அவர் விரும்புவது ஒருவேளை ரொம்பச் சின்ன விஷயமாக இருக்கும். சிந்தாமல் தானே ஒரு டம்ளர் காப்பி குடிக்க வேண்டும், பூவைத் தானே தொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மாத்திரையின் நேரத்தை மாற்றினாலே போதும் என்றால், அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். போதாது என்றால், அறுபத்தைந்து வயதானாலும் எழுபத்தைந்தானாலும், "இனி எதற்கு?" என்று சொல்லி அந்த ஆசையைத் தள்ளிவிட நமக்கு உரிமை கிடையாது.